எங்கள் கண்ணில் காட்டாமல் எங்களுக்கு ஒரு ராபியா?

மதிப்பிற்குரிய சபைத் தலைவருக்கும், நிர்வாகக் குழுவுக்கும், ராபித் தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கும்,

சென்ற வாரம் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலை என்னால் ஏற்க முடியவில்லை. நம் யூத சபைக்குப் புதிய ராபியைத் தேடுவதில், இறுதிச் சுற்றுக்கு வந்த ராபிகள் ஒவ்வொருவரும் ஒரு சபாத் ஓய்வு நாளை நம்மோடு கழிப்பார்கள் என்று இலையுதிர் காலத்தில் சொன்னீர்கள். இப்போது அதை ரத்து செய்துவிட்டீர்கள். குழு ஒரே ஒரு பெயரைத் தேர்ந்து தரும். அவரோடு ஜூமில் ஒரு மணி நேரம் பேசலாம். அதே வாரத்தில் பொதுக்குழு கூடி ஆம் அல்லது இல்லை என்று வாக்களிக்கலாம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களுக்கு வாக்கு கிடையாது. இதுதான் உங்கள் முடிவு. இதை நீங்கள் திரும்பப் பெற வேண்டும். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். திருச்சியில் பிறந்து, மணமாகி நியூ ஜெர்சிக்கு வந்து, நம் ராபியிடம் பாடம் கேட்டு, பேத் தின் என்ற சமய நீதிமன்றத்தின் முன் நின்று, மிக்வே என்ற சடங்குக் குளத்தில் மூழ்கி யூதப் பெண்ணானவள். ஞாயிறு வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு எபிரேய எழுத்து சொல்லித் தருகிறேன். இறந்தவர்களின் உடலைக் கழுவித் துணி உடுத்தும் ஹெவ்ரா கடிஷா குழுவிலும் இருக்கிறேன். இதன் ஆங்கில வடிவம் உங்கள் கைக்கு வந்திருக்கும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் என் உறவினர்களும் எடிசன் பக்கத்துத் தமிழ் நண்பர்களும். “ஒரு பூசாரியை வேலைக்கு எடுப்பதற்கா இவ்வளவு சண்டை?” என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அவர்களுக்கும் இது புரிய வேண்டும்.

ராபி பூசாரி அல்ல, யூதச் சட்டத்தையும் நூல்களையும் கற்பித்து வழிகாட்டும் ஆசிரியர். அவர் இல்லாவிட்டாலும் எங்கள் ஜெப ஆலயத்தில் தொழுகை நின்றுவிடாது. வயது வந்த பத்துப் பேர் கூடினால் போதும், தெரிந்தவர் யாரும் முன்னின்று நடத்தலாம். யூத மதப் பிரிவுகளில் ஒன்றான எங்கள் கன்சர்வேடிவ் இயக்கம் 1973 முதல் அந்தப் பத்தில் பெண்களையும் சேர்த்துக்கொள்ள அனுமதித்திருக்கிறது. ராபியை யாரும் மேலிருந்து மாற்றல் உத்தரவு போட்டு அனுப்புவதும் இல்லை. கத்தோலிக்கப் பங்குக்கு ஆயர் ஒரு குருவை நியமிப்பதுபோல எங்களுக்கு ஓர் ஆயர் கிடையாது. சபைதான் தேடுகிறது, சபைதான் அழைக்கிறது, ஒப்பந்தமும் சபைதான் போடுகிறது. அந்தப் பொறுப்பு மொத்தமாக எங்கள் தலையில் இருப்பதால்தான் இந்தக் கோபம்.

தேடல் எப்படி நடக்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வழக்கம் என்ன என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். ஓய்வு பெறப்போவதாக ராபி முன்கூட்டியே சொல்லிவிடுவார். புத்தாண்டும் பாவ நிவாரண நாளும் முடிந்த கையோடு ஒரு குழு அமையும். அது உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டு, சபையைப் பற்றி ஒரு நீண்ட படிவத்தை நிரப்பி, நம் இயக்கத்து ராபிகளின் சங்கமான ராபினிக்கல் அசெம்பிளியின் கூட்டுப் பணியமர்த்தல் ஆணையத்துக்கு அனுப்பும். விண்ணப்பங்கள் அதன் வழியாக வரும். பனிக்காலத்தில் முதல் நேர்காணல்கள். அதன்பிறகு இரண்டு மூன்று பேர் ஆளுக்கொரு வார இறுதியில் சபைக்கு வந்து தங்குவார்கள். வெள்ளி மாலைத் தொழுகை, சனிக்கிழமை தோரா என்ற வேதநூலுக்கு விளக்கம், தொழுகைக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து உண்ணும் கிடுஷ் சாப்பாடு, மாலையில் ஒரு வகுப்பு, ஞாயிறு காலையில் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம். பிறகு வாக்கெடுப்பு. ஜூலை 1-ம் தேதி புதிய ராபியின் ஒப்பந்தம் தொடங்கும்.

இந்த வரிசையில் வெட்டிவிடக் கூடாத ஒன்று அந்த வார இறுதிதான். நீங்கள் வெட்டியிருப்பது அதைத்தான்.

ஒரு ராபி மேடையில் எப்படிப் பேசுகிறார் என்பதை யூடியூபில் பார்த்துவிடலாம். கிடுஷ் சாப்பாட்டின்போது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கிற கிழவரிடம் அவர் தானாகப் போய் உட்காருகிறாரா என்பதை எந்தக் காணொளியிலும் பார்க்க முடியாது. ஏழு வயதுப் பிள்ளை, “கடவுளுக்குக் காது இருக்கிறதா?” என்று கேட்டால் குனிந்து பதில் சொல்கிறாரா, சிரித்துவிட்டு நகர்கிறாரா? தன் விளக்கத்தை ஒருவர் மறுத்துப் பேசினால் முகம் எப்படிப் போகிறது? இதையெல்லாம் பக்கத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு மாப்பிள்ளையின் போட்டோவைக் காட்டிச் சம்மதம் கேட்பதற்கும் நீங்கள் ஏற்பாடு செய்திருக்கிற ஜூம் கூட்டத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நீங்கள் சொன்ன காரணங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. இப்போது தேடுகிற சபைகள் அதிகம், கிடைக்கிற ராபிகள் குறைவு என்கிறீர்கள். உண்மை. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு பலர் ஓய்வு பெற்றார்கள், பலர் மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் வேலை தேடிப் போய்விட்டார்கள், ராபிகளைப் பயிற்றுவிக்கும் செமினரிகளில் சேருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். ரிஃபார்ம் என்ற இன்னொரு யூதப் பிரிவின் ஹீப்ரூ யூனியன் கல்லூரி 1875-ல் தொடங்கியதே சின்சினாட்டியில்தான். அங்கே ராபிப் பயிற்சியை முடித்துக்கொள்ள 2022-ல் அதன் நிர்வாகம் முடிவெடுத்தது. நம் கன்சர்வேடிவ் இயக்கமும் சுருங்கிவிட்டது. பியூ ஆய்வு மையத்தின் 2020 கணக்கெடுப்பில் தங்களைக் கன்சர்வேடிவ் என்று சொல்லிக்கொண்ட அமெரிக்க யூதர்கள் 17 சதவீதம்தான். ஆகவே நல்லவரை வேறு சபை தட்டிக்கொண்டு போய்விடும் என்ற உங்கள் பயம் வெறும் கற்பனை அல்ல.

ஆனால் அந்தப் பயம் நம்மை எங்கே கொண்டு போகிறது என்று பாருங்கள். ஆள் குறைவாக இருக்கும் காலத்தில் ராபிகளும் சபைகளை எடைபோட்டுப் பார்க்கிறார்கள். ஐந்தாறு ஆண்டுகள் படித்து, அதில் ஓர் ஆண்டை ஜெருசலேமில் கழித்து, பிறகு வீட்டையும் பிள்ளைகளின் பள்ளியையும் மாற்றிக்கொண்டு வரப்போகிறவர், தன்னோடு வாழப்போகிற மனிதர்களைப் பார்க்காமல் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்? வார இறுதியை ரத்து செய்ததால் வேட்பாளர்களும் நம்மைப் பார்க்கும் வாய்ப்பை இழந்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஆமென் சொல்லிவிட்டு மூன்றாம் ஆண்டில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் பிரிந்தால், அடுத்த தேடலின்போது நம் கதவைத் தட்ட யார் வருவார்கள்?

இன்னொரு காரணம் ரகசியம். விண்ணப்பிக்கிறவர்கள் இப்போது வேறு சபைகளில் வேலை செய்கிறார்கள், அங்கே தெரிந்தால் சங்கடம் என்கிறீர்கள். முதல் சுற்றுக்கு இதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெயர்கள் வெளியே வரவே கூடாது. ஆனால் இறுதிச் சுற்றுக்கு வருகிற ராபி தன் சபைத் தலைவரிடம் சொல்லிவிட்டு வருவதுதான் நடைமுறை. அதற்குப் பிறகும் காக்கும் ரகசியத்தால் வேட்பாளருக்கு என்ன நன்மை? கேள்விகளிலிருந்து குழு தப்பித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஜூலை 1-க்குள் நாற்காலி காலியாகிவிடுமே என்ற அவசரத்தையும் நான் ஏற்கவில்லை. நீண்ட காலம் இருந்த ராபி போன பிறகு ஓர் ஆண்டுக்கு இடைக்கால ராபியை வைத்துக்கொண்டு நிதானமாகத் தேடுகிற சபைகள் இந்த நாட்டில் எத்தனையோ உண்டு. நான் பிறந்த ஊரிலிருந்து ஓர் இரவு ரயில் பயணத்தில் கொச்சி வந்துவிடும். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. அந்தக் கொச்சி யூதர்கள் பட்டம் பெற்ற ராபி என்று ஒருவர் இல்லாமலே நூற்றாண்டுக் கணக்கில் தோராவை ஓதினார்கள், பண்டிகை கொண்டாடினார்கள், பிள்ளைகளுக்கு எபிரேயம் சொல்லிக் கொடுத்தார்கள். கற்றறிந்த பெரியவர்கள் முன்னின்று நடத்தினார்கள். அவர்களால் அது முடிந்தது என்றால், பத்துப் பேர் தோரா வாசிக்கத் தெரிந்த நம் சபையால் ஓர் ஆண்டு தாக்குப்பிடிக்க முடியாதா?

இனி நீங்கள் வெளியிட்ட பணிக் குறிப்பு. தொலைநோக்கு, உறுப்பினர் வளர்ச்சி, இளம் குடும்பங்கள், சமூக ஊடகம், நிதி திரட்டல் என்று அதில் பத்தி பத்தியாக இருக்கிறது. நோயாளிகளைப் பார்ப்பது, சாவு வீட்டில் இருப்பது, மதம் மாறி வருகிறவர்களுக்குக் கற்பிப்பது எல்லாம் ஒரே வரியில், கடைசியில். குறிப்பை எழுதிய உங்கள் குழுவில் பெரிய நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள், முன்னாள் தலைவர்கள் இருக்கிறார்கள். ஹெவ்ரா கடிஷாவிலிருந்து ஒருவர் இல்லை. ஞாயிறு வகுப்பு ஆசிரியர் ஒருவர் இல்லை. வெளியிலிருந்து வந்து யூதரானவர் ஒருவரும் இல்லை. ராபியின் வேலையில் மேடைக்குக் கீழே நடப்பது என்ன என்று தெரிந்தவர்களை விட்டுவிட்டு ராபியைத் தேடுகிறீர்கள். அது எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்கிறேன்.

என் அப்பா திருச்சியில் இறந்த செய்தி எனக்கு இங்கே நடு இரவில் வந்தது. விமானம் பிடித்துப் போனாலும் தகனத்துக்கு முன் போய்ச் சேர முடியாது. யூத முறைப்படி மதம் மாறியவளுக்கு, யூதரல்லாத பெற்றோருக்காகத் துக்கம் காக்கும் கடமை இல்லை. சட்டப்படி நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் என்னை இன்னும் உடைத்தது. விடிந்ததும் ராபி வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு புத்தகம். இஸ்ரேலின் செபார்டிய தலைமை ராபியாக இருந்த ஓவாடியா யோசேப் இதே கேள்விக்கு எழுதிய பதிலைப் பிரித்துக் காட்டினார். மதம் மாறியவர் தன்னைப் பெற்றவருக்காகக் கடிஷ் என்ற துக்க ஜெபத்தைச் சொல்லலாம். கடமை இல்லை என்றால் உரிமை இல்லை என்று பொருள் அல்ல என்று ராபி சொன்னார்.

பிறகு அவர் கேட்டது அப்பாவைப் பற்றி. என்ன வேலை பார்த்தார், எதற்குச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார். அப்பாவின் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று கேட்டு, ழகரம் நாக்கில் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அன்று மாலை எங்கள் வீட்டு வரவேற்பறையில் பத்துப் பேருக்கு மேல் நின்றார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு நான் வெறும் முகப்பழக்கம். ராபி தொலைபேசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வரவழைத்திருந்தார். ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த ஒரு மனிதருக்காக அராமிய மொழியில் நான் கடிஷ் சொன்னேன், அவர்கள் ஆமென் சொன்னார்கள். திருச்சியில் இருந்த அம்மா போனில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆண்டு தவறாமல் அப்பாவின் நினைவு நாளில் அந்தப் பெயர் நம் ஜெப ஆலயத்தில் பிழையில்லாமல் ஒலிக்கிறது.

அடுத்தது என் மாமியாருக்கு மருத்துவமனையில் செயற்கைச் சுவாசம் வைத்திருந்த நாட்கள். எடுக்கலாம் என்று என் கணவர், கூடாது என்று நாத்தனார். இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ராபி வந்து தாழ்வாரத்தில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். முடிவை அவர் சொல்லவில்லை. பழைய யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தல்மூத்தில் ஒரு கதை இருக்கிறது என்று ஆரம்பித்தார். யூதா இளவரசர் என்று அழைக்கப்பட்ட பெரும் அறிஞர் மரணப் படுக்கையில் கிடக்கிறார். சீடர்கள் இடைவிடாமல் ஜெபித்து அவர் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவர் படும் வேதனையைப் பார்த்த வேலைக்காரப் பெண் கூரைமேல் ஏறி ஒரு ஜாடியைக் கீழே போடுகிறாள். சத்தத்தில் ஜெபம் ஒரு கணம் நிற்க, அவர் உயிர் பிரிகிறது. கதையைச் சொல்லிவிட்டு, உயிரை முடித்துவைப்பதற்கும் போகிற உயிரைத் தடுக்காமல் இருப்பதற்கும் நம் சட்டம் எங்கே கோடு போடுகிறது என்று பொறுமையாக விளக்கினார். அண்ணனும் தங்கையும் அன்று மறுபடி பேசினார்கள்.

இதில் எது உங்கள் பணிக் குறிப்பில் இருக்கிறது? எதை ஜூமில் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள்?

டெக்சஸ் மாநிலத்தின் காலிவில் உங்களுக்கு நினைவிருக்கும். 2022 ஜனவரி 15, சபாத் காலை. குளிரில் கதவைத் தட்டிய ஓர் அந்நியரை ராபி சார்லி சைட்ரன்-வாக்கர் உள்ளே அழைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்தார். வந்தவர் துப்பாக்கியை எடுத்தார். பதினொரு மணி நேரம் போல நீண்ட அந்த நாளின் முடிவில், ராபி ஒரு நாற்காலியைத் துப்பாக்கிக்காரர் மேல் வீசிவிட்டு, மிச்சமிருந்த இருவரையும் கூட்டிக்கொண்டு வெளியே ஓடி உயிர் தப்பினார். அதே ஆண்டில் அவர் வட கரோலைனாவின் வின்ஸ்டன்-சேலம் சபைக்குப் போனார். அந்தத் தேநீருக்கும் அந்த நாற்காலிக்கும் எந்தச் சுயவிவரக் குறிப்பிலும் ஒரு கட்டம் கிடையாது. ஆளோடு பழகினால்தான் அவர் எப்படிப்பட்டவர் என்று ஓரளவுக்காவது தெரியும்.

நம் நூல்கள் இந்தக் கேள்வியைப் பற்றி மௌனமாக இருக்கவில்லை. சமூகத்தைக் கலந்துகொள்ளாமல் அதற்கு ஒரு தலைவரை நியமிக்கக் கூடாது என்று தல்மூத்தின் பெராகோத் பகுதியில் 55-ம் ஏட்டில் ராபி இசாக் சொல்கிறார். அதற்கு அவர் காட்டும் சான்று பெசலெயேல். ஆசரிப்புக் கூடாரத்தைக் கட்ட அவனைத் தேர்ந்தவர் கடவுளே. இருந்தும் மோசேயிடம், “இவன் உனக்குச் சம்மதமா?” என்று கேட்கிறார். உமக்குச் சம்மதம் என்றால் எனக்கு என்ன என்கிறார் மோசே. அப்படியானாலும் நீ போய் ஜனங்களிடம் கேள் என்கிறார் கடவுள். மக்கள் ஆம் என்றுதான் சொல்லப்போகிறார்கள். அது தெரிந்தும் கேட்கச் சொல்கிறார். உங்கள் குழு எத்தனை திறமையானதாக இருந்தாலும், எங்களைக் கேட்காமல் இருக்கும் அளவுக்குக் கடவுளைவிட உயர்ந்த இடத்தில் இல்லை.

அதே பெராகோத்தில், 27-ம் ஏட்டின் பின்பக்கத்தில், ஒரு முழுத் தேர்வுக் குழுக் கூட்டமே நடக்கிறது. சக அறிஞர் யோசுவாவை எல்லோர் முன்னிலும் நிற்க வைத்து அவமதித்த பாடசாலைத் தலைவர் ரபான் கமாலியேலைப் பதவியிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். அடுத்தவர் யார்? யோசுவா என்றால் அவரே வழக்கில் ஒரு தரப்பு. அகிவா என்றால் முன்னோர் பெருமை இல்லை, அவருக்குத் தீங்கு நேரலாம். எலாசார் பென் அசரியாவை அணுகுகிறார்கள். அவர் உடனே ஆம் என்று சொல்லவில்லை. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் போகிறார். உங்களையும் ஒருநாள் இறக்கிவிடுவார்களே என்கிறாள் அவள். அவருக்கு அப்போது வயது பதினெட்டு. அவர் பொறுப்பேற்ற அன்று பாடசாலை வாசலில் நின்ற காவல்காரனை எடுத்துவிட்டார்கள். உள்ளே வந்த கூட்டத்துக்கு நானூறு பெஞ்சுகள் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது என்கிறார் ஒருவர், எழுநூறு என்கிறார் இன்னொருவர்.

அந்தப் பதினெட்டு வயதுக்காரர் இன்று விண்ணப்பித்தால் உங்கள் குழு என்ன செய்யும் என்று யோசிக்கிறேன். இதை வைத்துத்தான் இன்னொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. சில வாரங்களுக்கு முன் கிடுஷ் சாப்பாட்டின்போது குழு உறுப்பினர் ஒருவர், பலர் காதில் விழும்படி, “இளம் குடும்பங்களை இழுக்கும் ராபி வேண்டும். ஆனால் வந்த வேகத்தில் பிரசவ விடுப்பில் போகிறவர் வேண்டாம்” என்றார். சிலர் தலையாட்டினார்கள். யாரும் மறுக்கவில்லை. எந்த வேட்பாளரைப் பற்றியது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. அந்தப் பேச்சு நேர்காணல் அறைக்குள் போயிருக்கிறதா என்பதுதான் என் கவலை.

வேறு எந்த அலுவலகத்திலும் இப்படிச் சொல்லி ஒரு பெண்ணை ஒதுக்கினால் அவள் வழக்குப் போடலாம். ராபிக்கு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது. மத நிறுவனம் தன் குருமாரைத் தேர்வதில் வேலைவாய்ப்புப் பாகுபாட்டுச் சட்டங்கள் தலையிட முடியாது என்று 2012 ஜனவரியில் ஹொசன்னா-டேபர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். மதச் சுதந்திரத்தைக் காக்க வந்த தீர்ப்பு அது. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வெளியிலிருந்து நம்மைக் கேள்வி கேட்க யாரும் இல்லை என்றால் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கடமை கூடுகிறது. மூடிய கதவுக்குள் நியாயம் நடந்தது என்பதற்குச் சபைக்கு இருக்கும் ஒரே சாட்சி திறந்த கதவு.

நம் மாநிலத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் முதன்முதலில் ராபிப் பட்டம் பெற்ற பெண் சாலி ப்ரீசாண்ட். 1972-ல் பட்டம் பெற்று மன்ஹாட்டனில் ஸ்டீவன் வைஸ் ஃப்ரீ சினகாகில் ஏழு ஆண்டுகள் பணியாற்றினார். அங்கிருந்து வெளியே வந்தபோது முழுநேர ராபியாக அவரை எடுக்க ஆளில்லை. சில சபைகள் நேர்காணலுக்குக்கூடக் கூப்பிட மறுத்தன. 1981-ல் நியூ ஜெர்சியின் டின்டன் ஃபால்ஸில் இருக்கிற மான்மவுத் ரிஃபார்ம் டெம்பிள் அவரை அழைத்தது. ஓய்வு பெறும்வரை, 2006 வரை, அங்கேயே இருந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே சபையில்! மறுத்த சபைகள் எதற்குப் பயந்தனவோ தெரியாது, ஆனால் இழந்தது அவைதான். நம் இயக்கத்தில் ஏமி ஐல்பெர்க் பட்டம் பெற்றது 1985-ல். இத்தனை காலம் கழித்தும் பிரசவ விடுப்பை ஒரு குறையாகப் பேசுகிற மேசை நம் ஆலயத்தில் இருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

மோசே தனக்குப் பின் யார் என்று கடவுளிடம் கேட்கும் இடம் எண்ணாகமம் 27-ம் அதிகாரம். மேய்ப்பன் இல்லாத ஆடுகளைப்போல் இந்தச் சபை ஆகிவிடக் கூடாது என்று மன்றாடுகிறார். யோசுவாவை எல்லா ஜனங்களுக்கும் முன்பாக நிறுத்திப் பொறுப்பைக் கொடு என்று பதில் வருகிறது. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் நிற்பவர்கள் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள். எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று சபை முழுவதன் முன் வந்து வாய்திறந்து கேட்டவர்கள். அவர்கள் சொல்வது சரி என்றார் கடவுள்.

சந்தா விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. பாக்கி வைத்திருப்பவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். வேலை போனவர்கள், மணமுறிவுக்குப் பிறகு தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்கள், ஓய்வூதியத்தில் மருந்து வாங்குகிறவர்கள். ராபியின் தேவை அதிகமாக இருப்பது அவர்களுக்குத்தான். இன்னும் சில வாரங்களில் சபாத் ஷெகலிம் வருகிறது. பணக்காரன் அரைச் சேக்கலுக்குமேல் கொடுக்க வேண்டாம், ஏழை அதற்குக் குறைக்க வேண்டாம் என்று யாத்திராகமத்திலிருந்து நம் ஆலயத்தில் ஓதப்போகிறோம். தலைக்கு ஒரே அளவு என்று அங்கே ஓதிவிட்டு, பணம் கட்டியவனுக்கே தலை உண்டு என்று பொதுக்குழுவில் எண்ண முடியாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

இறுதிச் சுற்றில் இருப்பவர்களின் சபாத் வருகையை மீண்டும் அட்டவணையில் போடுங்கள். பஸ்கா பண்டிகைக்கு முன் போதுமான வார இறுதிகள் இருக்கின்றன. தங்க இடமும் யூத உணவு விதிப்படியான கோஷர் சாப்பாடும் என் வீட்டில் தருகிறேன். தரத் தயாராக இருக்கும் வேறு குடும்பங்களின் பெயர்களையும் தருகிறேன். வருகிறவர் குழந்தையோடு வந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இருக்கிறது.

ஒவ்வொரு வருகையிலும் மேடைப் பேச்சுக்கு வெளியே இரண்டு நேரங்களை ஒதுக்குங்கள்: ஹெவ்ரா கடிஷாவோடும் நோயாளிகளைப் பார்க்கப் போகும் குழுவோடும் ஒரு சந்திப்பு, ஞாயிறு வகுப்பில் ஒரு பாடம். அவர்களின் கருத்தை எழுத்தில் வாங்கி, வாக்கெடுப்புக்கு முன் குழு படிக்க வேண்டும்.

தேர்வுக் குழுவில் ஹெவ்ரா கடிஷா, ஞாயிறு வகுப்பு, மதம் மாறி வந்தவர்கள் ஆகிய தரப்புகளிலிருந்து ஆளுக்கொருவரை உடனே சேருங்கள். எனக்கு அந்த இடம் வேண்டாம். என்னைவிடப் பொருத்தமானவர்கள் இருக்கிறார்கள். பணிக் குறிப்பில் நோய், மரணம், துக்கம், கற்பித்தல் ஆகியவற்றுக்கு உரிய இடம் கொடுத்துத் திருத்தி எழுதி, வேட்பாளர்களுக்கு மறுபடி அனுப்புங்கள்.

எல்லா வேட்பாளர்களிடமும் கேட்கும் கேள்விகள் ஒன்றாகவே இருக்க வேண்டும். திருமணம், கர்ப்பம், குழந்தைகள், துணைவரின் வேலை பற்றி எந்தக் கேள்வியும் கேட்கப்படவில்லை, இனிக் கேட்கப்படாது என்று குழு எழுத்தில் உறுதி தர வேண்டும். இதுவரை கேட்கப்பட்டிருந்தால், அந்த வேட்பாளரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டு, அவர் விரும்பினால் அவருக்கும் ஒரு சபாத் வருகையைக் கொடுங்கள். அதே எழுத்தில் பிரசவ விடுப்பும் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி என்று சேருங்கள்.

சந்தா பாக்கி இருந்தாலும் இந்த வாக்கெடுப்பில் எல்லா உறுப்பினர்களும் கலந்துகொள்ளலாம் என்று தீர்மானம் போடுங்கள். ஒரே பெயருக்கு ஆம், இல்லை என்ற வாக்குச்சீட்டு வேண்டாம். இரண்டு பேராவது எங்கள் முன் நிற்க வேண்டும், “இப்போது யாரும் வேண்டாம், இடைக்கால ராபியை வைத்துக்கொண்டு தேடுவோம்” என்பதும் சீட்டில் ஒரு தேர்வாக இருக்க வேண்டும்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டம் பிப்ரவரி முதல் வாரத்தில். உறுப்பினர்கள் அதில் அமர்ந்து கேட்கலாம் என்பது நம் விதி. இந்த மடலை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் தாருங்கள். என்னோடு சேர்ந்து இதைக் கேட்கிற உறுப்பினர்களும் அன்று வருவார்கள்.

இப்படிக்கு,
சபை உறுப்பினர், ஞாயிறு வகுப்பு ஆசிரியை, ஹெவ்ரா கடிஷா தொண்டர்
நியூ ஜெர்சி